துண்டு தொங்கிய குழாய்

அத்தியாயம் மூன்று

அந்த அறையில் காணாமல் போனவரைத் தவிர மற்ற எல்லாமே இருந்தன. முக்கியமாகத் தூசி இருந்தது.

சர்வேயர் அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தார். இருபத்தெட்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வந்தவர்களின் பொய்களை நீள அகலத்தோடு அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். மனிதர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. குற்றம் அவர்மேல் இல்லை, மனிதர்கள்மேல்.

அவருக்குப் பின்னால் உதவியாளர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து வேலை போனவர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே நின்று இவர் சொன்ன ஆறுதலைக் கேட்டவர்கள், மாட்டிக்கொண்டதே தேவலை என்று புகார் எழுதிக் கொடுத்ததாகக் கேள்வி. வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவர் ஸ்பீக்கர்.

"இதுதான் அப்பா ரூம்," என்றார் மகன். ஏதோ அலுவலகத்தில் மேலாளர். வீட்டிலும் அதே பதவி. "ரொம்ப வசதியா வச்சிருந்தோம்."

"கார் ஷெட் மாதிரி இருக்கே," என்றார் ஸ்பீக்கர்.

"முன்னாடி அதுதான். இப்ப காரை மரத்து நிழல்ல நிறுத்திடறோம்."

"காருக்கு நிழல், அப்பாவுக்கு ஷெட். கொடுத்து வச்ச கார்."



விஷயம் இவ்வளவுதான். மகனின் அப்பா குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பிரிவு ஃபோர்மனாக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் அன்றோடு போனது என்றாள், மகனுக்குப் பின்னால் நின்ற மருமகள். அதிலிருந்து இந்த அறைதான். காலை பத்து மணிக்குச் சாப்பாட்டை வைத்து, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போவார்கள். மாலை ஐந்து மணிக்குத் திறப்பார்கள். புதன்கிழமை மாலை திறந்தபோது கட்டில் காலி. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. ஜன்னல் கம்பி ஒன்றுகூட வளையவில்லை. சந்துப் பக்கம் பழைய இரும்பு ஷட்டர் ஒன்று இருந்தது. பூட்டு உடைந்து, துருவேறி, நாலு வருடமாக அது அசையவே இல்லையாம். இன்று வெள்ளிக்கிழமை.

"எல்லாம் தங்கச்சி புருஷன் வேலை," என்றார் மகன். "பள்ளிக்கூடத்துல அறிவியல் வாத்தியார். காலையில இருந்து ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. எழுத்து மூலமா புகார் கொடுத்தா உள்ள தள்ளிடுவாங்க. எப்படிக் கடத்தினான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அப்பாவைத் திங்கக்கிழமை கோர்ட்டுல காட்டியாகணும்."

"கோர்ட்டுல எதுக்கு?"

மருமகள் ஓர் உறையை நீட்டினாள். குடும்ப டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ். செவ்வாய்க்கிழமை தேதி. 'நோயாளிக்குச் சிந்திக்கும் திறன் முற்றிலும் இல்லை. தன்னைச் சுற்றி நடப்பதைப் புரிந்துகொள்ள இயலாதவர்' என்று எழுதியிருந்தது.

"வீடு மாமா பேர்ல இருக்கு," என்றாள் மருமகள். "அவருக்குப் புத்தி இல்லைன்னு கோர்ட்டு ஒத்துக்கிட்டா, எல்லாப் பொறுப்பும் இவர் கைக்கு வந்துடும். மாமா நல்லதுக்குத்தான்."

"டாக்டர் அவர்கிட்ட என்னென்ன கேட்டார்?"

"கேட்டு என்ன பிரயோஜனம்? அவர்தான் பேச மாட்டாரே."

சர்வேயர் சான்றிதழை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் எங்களைத் தனியா விடுங்க. உங்க வீட்டுக் காத்தே எங்களுக்குப் போதும்."

அது பாராட்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டே இருவரும் வெளியே போனார்கள்.

சர்வேயர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நான்கு வாசலின் டப்பாக்கள், நாலும் காலி. பக்கத்தில் ஒரு ஜோடி பழைய செருப்பு. இடது செருப்பின் வெளி ஓரம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அடியில் தாரும் பொடிக்கல்லும் அப்பியிருந்தன.

"படுத்த படுக்கையா கிடந்தவரோட செருப்பு, ஸ்பீக்கர். எந்தக் கட்டில்ல தார் ரோடு போட்டிருக்காங்க?"

"எனக்கும் ஒரு சந்தேகம் மேடம். ரூம்ல எல்லாத்து மேலயும் தூசி. இந்த சைக்கிள் பம்ப் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. சைக்கிளைத்தான் காணோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பம்ப் இருக்கு, டயர் இல்ல. காத்து எங்க போச்சு?"

சர்வேயர் ஷட்டர் பக்கம் திரும்பினார். அதன் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு துண்டு ஸ்டாண்டு நின்றது. இடுப்பு உயரத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் குழாய். அதன் உச்சியிலிருந்து ஒல்லியான இன்னொரு குழாய் விரல் நீளத்துக்குத் தலை நீட்டியது. அந்தத் தலையில் குறுக்கே ஒரு பிடி. பிடியில் துண்டு. அவர் துண்டை விரித்துப் பார்த்தார். கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை, விலைச்சீட்டும் போகவில்லை.

"கட்டில் அந்த மூலையில. துண்டு இந்த மூலையில. ஒரு காலை இழுத்து நடக்கிறவர் முகம் துடைக்க இவ்வளவு தூரம் வருவாரா?"

துண்டை விலக்கியதும் மற்றது தெரிந்தது. ஷட்டரைத் தூக்குவதற்கான இரும்புக் கைப்பிடி ஒவ்வொன்றும், அந்தக் குறுக்குப் பிடியின் மேல் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்திருந்தது. தடித்த குழாயைச் சுற்றிக் கிழித்த போர்வைத் துணியைப் பசை தடவி இறுக்கியிருந்தார்கள். அடி மூடியில் சைக்கிள் டியூபின் வால்வு. அதிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் ஷட்டருக்கு அடியில் இருந்த இரண்டு விரல் இடைவெளிக்குப் போய், திறந்து மூடுகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் டேப்பில் முடிந்தது.

ஸ்பீக்கர் மண்டியிட்டார். வேலை போன பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் வேலைக்காரக் களை வந்தது.

"மேடம், இது ஸ்டாண்டு இல்ல. பிஸ்டன். அடியில காத்து அடிச்சா உள்ள இருக்கிற தண்டு மேல வரும், ஷட்டரையும் தூக்கிட்டு வரும். ரெண்டு பக்கமும் ஒரே ஹோஸ்ல இணைச்சிருக்காங்க, ஷட்டர் கோணாம ஏறணும்னு. டேப்பைத் திறந்தா காத்து போயிடும், மெதுவா இறங்கிடும். பாத்ரூம் குழாயை வச்சு ஒருத்தன் லிஃப்டே பண்ணிட்டான்."

"ஷட்டர் ஓடுற தண்டவாளத்தைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரல் வழுக்கியது. "வாசலின். நாலு டப்பாவும் இங்கதான் போயிருக்கு."

"தரையில கோடு பாருங்க. சக்கரப் பலகை உருண்ட தடம். ஒண்ணு ரெண்டு இல்ல, நூறு தடவையாவது உருண்டிருக்கு." சர்வேயர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அவர் புதன்கிழமை மட்டும் போகல. தினமும் போய்த் தினமும் திரும்பி வந்திருக்கார். இந்த வீட்ல ஒருத்தருக்கும் தெரியல."

"தெரிஞ்சுக்கணும்னா முதல்ல பார்க்கணுமே மேடம்."

டேப்பின் கழுத்தில் பாதி கிழிந்த கடைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. சந்துக்கோடி ஹார்டுவேர் கடை.

கடை வீட்டிலிருந்து ஏழாவது வாசல். முன்னால் குழாய்கள் சாய்ந்து நின்றன. கல்லாவில் இருந்தவர் சர்வேயரைப் பார்த்ததும் தேவையில்லாமல் ஒரு டப்பாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இந்தச் சந்துல இருக்கிற பழைய ஃபோர்மனைத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். பாவம், படுத்த படுக்கையாமே."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. கடைக்குள் மற்றதெல்லாம் முக்காலி. அதற்கு மட்டும் முதுகும் மெத்தையும் இருந்தன. வலது கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. இடது கைப்பிடியின் வார்னிஷ் புதிதாக அப்படியே இருந்தது.

"இந்த நாற்காலியில உக்கார்றவருக்கு ஒரு கைதான் போலிருக்கு," என்றார் சர்வேயர்.

கடைக்காரர் டப்பாவை இன்னும் வேகமாகத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து, உடைந்த இணைப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பிளம்பர் படியேறினார்.

"எங்கண்ணே நம்ம பெரியவர்? இது எங்க கசியுதுன்னு அவர்கிட்ட காட்டணும். மூணு மணி வரைக்கும் இங்கதானே இருப்பாரு."

கடைக்காரர் இரண்டு கண்ணையும் மாறி மாறிச் சிமிட்டினார்.

"கண்ணுல தூசியாண்ணே?" என்றார் ஸ்பீக்கர். "துடைக்கிறதை டப்பாவோட நிறுத்திட்டா எப்படி?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "அவரைத் திரும்ப அந்த ஷெட்டுல கொண்டுபோய்ப் போடறதா இருந்தா நான் வழிவிட மாட்டேன் அம்மா. என்ன ஆனாலும் சரி."

"இன்னிக்குத்தான் முதல் தடவையா என்கிட்ட ஒரு மனுஷன் உண்மை பேசுறார்," என்றார் சர்வேயர். "வழி விடுங்க."

பின்கட்டில் குழாய்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு மடக்குக் கட்டில். அதில் உட்கார்ந்து, ஒரு கிழவர் வலது கையால் ரப்பர் வாஷர்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது. நாலு கால் கைத்தடி பக்கத்தில் நின்றது.

"அவன் அனுப்பின ஆளா?" என்றார். குரல் கொஞ்சம் குழறியது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"உங்களுக்குப் பேச்சு வராதுன்னு உங்க மருமக சொன்னாங்க."

"வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. வீட்ல யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல. கேக்காத கேள்விக்கு எப்படிம்மா பதில் சொல்றது?"

ஸ்பீக்கருக்கு அந்த இடத்தில் வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. "அந்தப் பிஸ்டனை எப்படிப் பண்ணீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

வாஷர்கள் பக்கத்துக்குப் போயின. ஃபோர்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஷெட்டு பரண்ல நான் வேலையில இருந்தப்ப மிச்சமான குழாய், மூடி எல்லாம் கிடந்துச்சு. கைத்தடியால தட்டித் தட்டி ஒவ்வொண்ணா விழவச்சேன். அதுக்கே பத்து நாள். மூணு அங்குலக் குழாய்தான் உடம்பு. அதுக்குள்ள சறுக்கிப் போற மாதிரி ஒரு மூடி. அதைச் சுத்தி டியூப்ல வெட்டின ரப்பர் வளையம். வளையம் இறுக்கமா இருந்தா நகராது, லூசா இருந்தா காத்து ஓடிப்போகும். பதினாலு வளையம் வெட்டி வீணாக்கினேன். தண்டுக்குச் சின்னக் குழாய். வளையக்கூடாதுன்னு உள்ள மரக்கட்டையை அடிச்சேன்."

"ஒத்தைக் கையால எப்படி அறுத்தீங்க?"

"குழாயைக் கட்டில் மேல வச்சு, செத்த காலை அது மேல போட்டுடுவேன். அது அசையவே அசையாது. அதைவிட நல்ல பிடிப்பு எந்தப் பட்டறையிலயும் கிடைக்காது."

"துணி சுத்தியிருக்கீங்களே, அது எதுக்கு?" என்று கேட்டார் சர்வேயர்.

"தண்ணிக் குழாய்ல காத்து அடைக்கிறது தப்பும்மா. தண்ணியா இருந்தா விரிசல் விட்டு ஒழுகும். காத்தா இருந்தா வெடிச்சுச் சில்லு சில்லாப் பறக்கும். எனக்கு வேற பொருள் இல்ல, அதனால பண்ணேன். முதல் குழாய் வெடிச்சு, சில்லு இங்க கிழிச்சது." காதோரத் தழும்பைக் காட்டினார். "காயத்தைப் பார்த்துட்டு, ஷேவ் பண்ண வந்தவன் வெட்டிட்டான் போலன்னு என் மருமக சொன்னா. எனக்கு ஷேவ் பண்ண யாரும் வந்ததே இல்ல. அப்புறம்தான் துணி சுத்தி, காத்தையும் குறைச்சு அடிச்சேன். பம்ப்ல நூத்திப்பத்து அடி. அதுக்கு மேல ஒண்ணு கூட அடிக்க மாட்டேன்."

பசை, வால்வு, டேப் போன்ற சின்னச் சாமான்கள் வேண்டுமென்றால், ஃபோர்மன் சீட்டு எழுதி ஷட்டருக்கு அடியில் தள்ளுவார். சந்தில் போகிற கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சாமானை எடுத்துவந்து அதே வழியாக உள்ளே தள்ளுவார். குழாய் ரிப்பேருக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஷட்டர் ஒன்றரை அடி உயர்ந்து, சக்கரப் பலகையில் மல்லாந்தபடி ஒரு மனிதர் சந்துக்கு வந்து சேர்ந்தார். வெளியே இருந்து டேப்பைத் திறந்தார். ஷட்டர் இறங்கி மூடிக்கொண்டது.

"அன்னிக்கு முழுக்க இந்தக் கடையில உக்கார்ந்து எல்லார்கிட்டயும் பேசினேன்," என்றார் ஃபோர்மன். "பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு. அப்புறம் தினமும் வந்தேன். திரும்பிப் போறப்ப, பலகையில படுத்துக் கிடப்பேன், கடைக்காரர் வெளியில இருந்து காத்தடிச்சு உள்ள தள்ளுவார்."

"எதுக்குத் திரும்பிப் போனீங்க?"

கிழவர் ஒரு வாஷரை எடுத்து விரலில் மாட்டினார்.

"பையனாச்சே. என்னிக்காவது சாயங்காலம் வந்து, எப்படிப்பா இருக்கீங்கன்னு கேப்பான்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை வந்தான், டாக்டரோட. அவர் என் கால் மேலயே பேப்பரை வச்சு எழுதினார். என் கால்தான் அவருக்கு மேஜை. எனக்குப் புத்தி இல்லைன்னு என் மேல வச்சே எழுதிட்டுப் போனாங்க. வீடு அவனுக்குத்தான்னு நான் எப்பவோ முடிவு பண்ணியாச்சு. கேட்டிருந்தா அன்னிக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். கேக்கணும்னா நான் ஒரு ஆளா அவன் கண்ணுக்குத் தெரியணுமே."

"உங்க மாப்பிள்ளை காலையில இருந்து போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கார். உங்களைக் கடத்தினதா."

ஃபோர்மன் கைத்தடியைப் பிடித்து எழுந்தார். வாஷர்கள் தரையில் சிதறி உருண்டன. "அந்தப் பையன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். என்னைப் பார்க்க வந்தவனை வாசல்லயே நிறுத்தி அனுப்பினாங்க. வாங்க, இப்பவே போய்ச் சொல்றேன்."

"சொன்னா என்ன சொல்வாங்க? டாக்டர் சான்றிதழைக் காட்டுவாங்க. பைத்தியம் உளறுதும்பாங்க." சர்வேயர் பையைத் தட்டினார். "உங்க பையன் என் கட்சிக்காரர். நீங்க எப்படி வெளிய போனீங்கன்னு அவருக்குச் செஞ்சு காட்டுறது என் கடமை. அதைச் செய்வேன். யார் செஞ்சாங்கன்னு அவர் கேட்டா அதையும் சொல்லிடுவேன், மறைக்க மாட்டேன்."

"கேப்பாரா மேடம்?" என்றார் ஸ்பீக்கர்.

"கேக்க மாட்டார். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அரை மணி நேரத்தில் ஷெட்டில் கூட்டம் கூடியது. மகன், மருமகள், சர்வேயர் சொல்லி வரவழைத்த டாக்டர். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே உள்ளே வந்தார். மனிதர்களைப் பார்ப்பதைவிட அது அவருக்குப் பழக்கம்போல.

ஸ்பீக்கர் டேப்பை மூடி, பம்பை மாட்டி அடிக்க ஆரம்பித்தார். "பார்த்துக்குங்க, கட்டணம் இல்லாத வித்தை. நாப்பது... நாப்பத்தொண்ணு... டாக்டர், எனக்கு மூச்சு வாங்கினா நீங்க எதுவும் எழுதிக் கொடுத்துடாதீங்க."

அறுபதாவது அடியில் ஷட்டர் முனகியது. எண்பதில் அதன் அடியில் வெளிச்சக் கோடு ஒன்று விழுந்தது. வெள்ளைத் தண்டுகள் இரண்டும் ஒரே சீராக வளர்ந்தன. நூற்றுப்பத்தில் அவர் நிறுத்தியபோது, நாலு வருடமாக அசையவில்லை என்று மகன் நம்பிய ஷட்டர் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே நின்றது.

டாக்டர் கடிகாரத்தை மறந்துவிட்டார். "பிரமாதம். வெறும் தண்ணிக் குழாயா இது?"

"நான் சொல்லல?" மகனின் முகம் மலர்ந்தது. "மச்சான் வேலை. அறிவியல் வாத்தியார் மூளை. பரிசோதனைக்கூடத்துல செஞ்சு எடுத்துட்டு வந்து, துண்டு ஸ்டாண்டுன்னு இங்க வச்சிருக்கான். இப்ப புகார் எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க," என்றார் சர்வேயர். "ஆனா போலீஸ்காரங்க இதைப் பார்த்துட்டு, ஏதோ விளையாட்டுச் சாமான்னு சிரிச்சிடக்கூடாது."

"அப்படியா சிரிப்பாங்க?" மகன் பேனாவை எடுத்தார். அலுவலகத்தில் மெமோ எழுதிப் பழகிய கை, தயங்கவில்லை. எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்.

"'இந்தக் கருவி விளையாட்டுப் பொருள் அல்ல. ஷட்டரின் எடை, காற்றின் அழுத்தம் இரண்டையும் துல்லியமாகக் கணக்கிட்டு, மாதக்கணக்கில் பொறுமையாகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டது. இதைச் செய்தவர் முழுத் தெளிவும் கூர்மையான அறிவும் உள்ளவர். எனவே இது தெரியாமல் செய்த காரியம் என்று அவர் தப்பிக்க முடியாது.' எப்படி?"

"அழகு," என்றார் சர்வேயர். "கையெழுத்துப் போடுங்க. டாக்டர், நீங்களும் இயங்குறதைப் பார்த்தீங்களே. ஒரு படிச்சவர் சாட்சிக் கையெழுத்து இருந்தா கனமா இருக்கும்."

டாக்டர் புகழ்ச்சிக்கு மயங்குகிற ஆள். 'நேரில் கண்டேன். இதை உருவாக்க உயர்ந்த சிந்தனைத் திறன் அவசியம்' என்று கீழே எழுதி, முத்திரையும் குத்தினார்.

சர்வேயர் தாளை வாங்கி, மை காயும்வரை விசிறினார். அப்போது ஷட்டருக்கு அடியில், வெளியே, நாலு கால் கைத்தடி ஒன்று வந்து நின்றது.

"புகார்ல ஒரு திருத்தம் இருக்கு," என்றது வெளியிலிருந்து ஒரு குரல். "மாப்பிள்ளை பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதுப்பா. நான்தான் செஞ்சேன்."

மருமகள் ஷட்டர் பக்கம் திரும்பினாள். மாமனாரின் குரலை அவள் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"பொய்," என்றார் மகன். "யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசுறார்."

"வலது பக்கக் குழாய்ல ரப்பர் வளையம் ரெண்டு. இடது பக்கம் மூணு, அந்தக் குழாய் உள்ள கொஞ்சம் கீறல் இருந்துச்சு. ரெண்டு தண்டுக்குள்ளயும் மரக்கட்டை. காத்தை இறக்கிட்டுத் திறந்து பாரு."

இடது ஓரத்தில் கட்டிலை முட்டுக் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கர் காற்றை இறக்கி மேல் மூடியைத் திருகினார். தண்டை உருவி எல்லோருக்கும் காட்டினார். மூன்று வளையங்கள். வலது பக்கத்தில் இரண்டு. உள்ளே மரக்கட்டை.

"டாக்டர் சார், எனக்கு ஒரு உதவி," என்றார் ஸ்பீக்கர். "செவ்வாய்க்கிழமை சிந்திக்கவே தெரியாதவர், வெள்ளிக்கிழமை உயர்ந்த சிந்தனையாளர். ரெண்டும் உங்க முத்திரை. நடுவுல என்ன மாத்திரை கொடுத்தீங்கன்னு சொன்னா எங்க வீட்ல சிலருக்கு வாங்கணும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு சர்வேயரை நோக்கிக் கை நீட்டினார். "அந்தச் சான்றிதழைக் கொடுங்க. நோயாளியைச் சரியாப் பரிசோதிக்க நேரம் கிடைக்கல. திருத்திடறேன்."

"திங்கக்கிழமை கோர்ட்டுல திருத்துங்க. நீதிபதிக்கும் உங்க எழுத்தைப் படிக்கிற பாக்கியம் கிடைக்கட்டும்."

டாக்டர் போனார். அவர் போன வேகத்துக்கு எந்த நோயாளியும் அவரைப் பிடித்திருக்க முடியாது.

மகன் சர்வேயர்மேல் பாய்ந்தார். "நான் உங்களை வேலைக்கு வச்சது எதுக்கு? நீங்க யார் பக்கம்?"

"எப்படிப் போனார்னு கேட்டீங்க, காட்டினேன். செஞ்சது யார்னு நீங்க கேக்கவே இல்ல, நீங்களே எழுதிக்கிட்டீங்க. நல்லாவே எழுதியிருக்கீங்க. உங்க அப்பாவைப் பத்தி இந்த வீட்ல எழுதின ஒரே உண்மை அதுதான்." அவர் தாளைச் சான்றிதழோடு சேர்த்து மடித்துப் பையில் போட்டார். "என் வேலை முடிஞ்சது."

மருமகள் கதவைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், கடைசியில் தரையைப் பார்த்தாள். "மாமாவை உள்ள வரச் சொல்லுங்க," என்றாள் மெதுவாக. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

மகன் ஷட்டர் பக்கம் போனார். அது கட்டில்மேல் சாய்ந்து கோணலாக நின்றது. குனிந்து பார்த்தால் தெரியவில்லை. மண்டியிட்டார். அப்போதும் கைத்தடியும் காலும்தான் தெரிந்தன. கடைசியில் சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் கையூன்றித் தலையை வெளியே நீட்டினார். ஹார்டுவேர் கடையிலிருந்து கொண்டுவந்து சந்தில் போட்ட நாற்காலியில் அப்பா வெயிலில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, புதுச் செருப்புப் போட்டிருந்தார். கடைக்காரர் பக்கத்தில் நின்றார்.

"அப்பா," என்றார் மகன். குரல் தழைந்திருந்தது. "நமக்குள்ள இருக்கட்டும். நிஜத்தைச் சொல்லுங்க. இதை யாரு உங்களுக்குச் செஞ்சு கொடுத்தது?"

ஃபோர்மன் மகனின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். கோபமில்லை. எத்தனை தடவை மாற்றினாலும் கசிகிற ஓர் இணைப்பைப் பார்க்கிற பார்வை அது. பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"தம்பி," என்று ஸ்பீக்கரைக் கூப்பிட்டார். "ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? மாப்பிள்ளை காலையில இருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்."